கூடவே ஒரு கேப்சூல்

முப்பத்தொரு வருஷம் மருந்துக்கடை நடத்தியவன் நான். வில்லுக்குறிப் பக்கம் ஒரு ஜங்ஷனில், டீக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் இடையில் பத்தடி அகலத்தில் இருந்தது கடை. கைமாற்றிவிட்டு மூன்று வருஷம் ஆகிறது. அத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் புரோபயாடிக் கேப்சூல் விற்றேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. வைத்திருந்தால் இன்றைக்கு எடுத்துப் பார்க்க வெட்கமாக இருக்கும்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் வயதானவர்களுக்கு வயித்தால போனால் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். டாக்டர் சீட்டோடு வந்தாலும் சரி, சீட்டில்லாமல் வந்தாலும் சரி, ஆன்டிபயாடிக் கொஞ்சம், கூடவே ஒரு கேப்சூல். ‘நல்ல கிருமி’ கேப்சூல். அது சேர்ந்தால்தான் வைத்தியம் முழுமை என்று வாங்குகிறவர் நினைக்கிறார், விற்கிறவரும் நினைக்கிறார். மருந்துக் கம்பெனி ரெப் வந்து பத்துக்கு ரெண்டு இலவசம் என்று சொன்ன வாரம் விற்கிறவர் இன்னும் கொஞ்சம் உறுதியாக நினைக்கிறார்.

அந்த நினைப்பு தவறு என்பதுதான் என் வாதம். பச்சைப் பிள்ளைகளைப் பற்றிப் பேச வரவில்லை. மத்தியானம் தயிர் விட்டுச் சாப்பிடுகிறவர்களையும் விட்டுவிடுகிறேன். அறுபது தாண்டிய ஒருவருக்குக் குடலில் தொற்று வந்திருக்கும்போது, மருந்தோடு மருந்தாகப் புரோபயாடிக் கொடுக்கிறோமே, அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஒரு சாயங்காலம். ஊர்ப் பெரியம்மை ஒருவருக்கு முந்தின ராத்திரியில் இருந்து ஏழெட்டு தடவை போய்விட்டது என்று பேரன் வந்து நின்றான். எனக்கு அவர் உறவில்லை, ஊரே அவரைப் பெரியம்மை என்றுதான் கூப்பிடும். வயது 74. மகன் மஸ்கட்டில். பையன் கையில் இருந்த ஃபோனிலேயே அவரும் வந்துவிட்டார். “அண்ணே, நல்ல மருந்தா பாத்துக் குடுங்க. அந்த நல்ல கிருமி கேப்சூலும் சேத்துக் குடுங்க. வெறும் ஆன்டிபயாடிக்குன்னா வயித்தக் கெடுத்திரும்லா.”

கொடுத்தேன். நார்ஃப்ளாக்ஸாசினும் டினிடசோலும் சேர்ந்த மாத்திரை ஆறு, போக்கை நிப்பாட்ட ரெண்டு, கேப்சூல் ஒரு ஸ்ட்ரிப். முதலாவது சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாத மாத்திரை. ஓஆர்எஸ் பாக்கெட் பக்கம் கை போனது. “அது வீட்டுல கெடக்கு மாமா” என்றான் பையன். சரி என்று விட்டுவிட்டேன். பெரியம்மை மாதாமாதம் என்னிடம் வாங்குகிற மாத்திரைகள் எனக்கு மனப்பாடம்: பிரஷருக்கு டெல்மிசார்டான், அதோடு சேர்ந்த நீர்மாத்திரை, சுகருக்கு மெட்ஃபார்மின், காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல். அதில் ஒன்றைப் பற்றிக்கூட அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பாத்ரூம் வாசலில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கிரியேட்டினின் ஏறியிருந்தது, மூத்திரம் சுத்தமாக நின்றிருந்தது. பதினொரு நாள் படுக்கை. அப்புறம் அவர் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். ஓஆர்எஸ் பாக்கெட் சாமி படத்துக்குப் பக்கத்தில் பிரிக்கப்படாமலே இருந்தது. பிரஷர் மாத்திரையும் நீர்மாத்திரையும் சுகர் மாத்திரையும் மூன்று நாளும் முறையாக உள்ளே போயிருந்தன. காலையும் ராத்திரியும் கேப்சூலும்.

ஒருத்தர் கதையை வைத்து ஊர் வழக்கத்தைத் தப்பென்று சொல்ல முடியாது. எனக்கும் தெரியும். “எங்கப்பாவுக்கு அந்தக் கேப்சூல்தான் கேட்டுச்சு” என்று சொல்கிறவரிடமும் ஒரு கதைதான் இருக்கிறது. வெறும் தண்ணீராகப் போகிற பேதியில் பெரும்பாலானவை ரெண்டு மூன்று நாளில் தானாகவே அடங்கும். அந்த மூன்று நாளில் நீங்கள் கேப்சூல் கொடுத்தாலும் கேட்கும், முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டாலும் கேட்கும். எது கேட்டது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, ஒரே மாதிரி நோயாளிகளை ரெண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அசல் கேப்சூலும் மறுபாதிக்கு உள்ளே ஒன்றுமில்லாத கேப்சூலும் கொடுத்து, யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாமல் பார்ப்பது. அப்படிப் பார்த்திருக்கிறார்கள்.

‘ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது’ என்று அட்டையில் அச்சடிக்கிறார்களே, அதில் முதியவர்கள் எத்தனை பேர்? தொற்றினால் வருகிற வயிற்றுப்போக்குக்குப் புரோபயாடிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் அத்தனையையும் காக்ரேன் என்ற அமைப்பு 2020இல் ஒன்றாகத் திரட்டியது. 82 ஆய்வுகள், 12,127 பேர். அதில் பதினோராயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் பதினெட்டு வயதுக்குக் கீழே. பெரியவர்கள் என்று திட்டமாகச் சொல்லக்கூடியவர்கள் 412 பேர்தான். ஒரு பெரிய ஊர்க் கல்யாணப் பந்தியில் ரெண்டு வரிசைக்கு உட்காருகிற ஆட்கள். அந்த 412 பேரிலும் எழுபத்தைந்து வயதில், சுகரும் பிரஷருமாக, அஞ்சு மாத்திரை போடுகிறவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நாம் விற்பது பிள்ளைகளிடம் பார்த்த மருந்தை. கொடுப்பது பாட்டாவுக்கு.

சரி, பிள்ளைகளுக்காவது கேட்டதா என்றால், சின்னச் சின்ன ஆய்வுகளில் கேட்ட மாதிரி இருந்தது. ஆளைக் கூட்டி, கவனமாகச் செய்தபோது அந்தப் பலன் கரைந்துபோனது. 2018இல் அமெரிக்காவில் 971 குழந்தைகளிடமும் கனடாவில் 886 குழந்தைகளிடமும் தனித்தனியாகப் பார்த்தார்கள். அமெரிக்க ஆய்வில் அசல் கேப்சூல் சாப்பிட்ட பிள்ளைகளுக்கும் வெறும் கேப்சூல் சாப்பிட்ட பிள்ளைகளுக்கும் போக்கு நின்றது ஏறக்குறைய ஐம்பதாவது மணி நேரத்தில்தான். 82 ஆய்வுகளையும் திரட்டிய காக்ரேன்காரர்களும், ரெண்டு நாளைத் தாண்டி நீளும் போக்கைப் புரோபயாடிக் அனேகமாகக் குறைப்பதில்லை என்றுதான் முடித்தார்கள்.

முதியவர்களை மட்டுமே வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. தெற்கு வேல்ஸிலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் ஐந்து ஆஸ்பத்திரிகளில், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,941 உள்நோயாளிகள். எல்லோரும் ஆன்டிபயாடிக் எடுத்தவர்கள். பாதிப் பேருக்கு 21 நாள், தினம் 6,000 கோடி லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியக் கிருமிகள். நம்மூர்க் கேப்சூல்களில் பலதில் இருப்பது நூறு, இருநூறு கோடிதான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2013இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. கிருமி சாப்பிட்டவர்களில் 10.8 சதவீதம் பேருக்கு ஆன்டிபயாடிக்கால் வயிற்றுப்போக்கு வந்தது. சாப்பிடாதவர்களில் 10.4 சதவீதம். ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுத்தால் வயிறு கெடாது என்று நான் முப்பது வருஷம் கவுண்டரில் நின்று சொன்னதற்கு இதுதான் பதில்.

முதியோர் இல்லங்களில் 310 பேரிடம் ஒரு வருஷம் வரை கொடுத்துப் பார்த்த இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வு 2020இல் வந்தது. சராசரி வயது 85. புரோபயாடிக் சாப்பிட்டால் தொற்று குறையும், ஆன்டிபயாடிக் எடுக்கிற நாளும் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். சாப்பிட்டவர்கள் வருஷத்தில் சராசரி 12.9 நாள் ஆன்டிபயாடிக் எடுத்தார்கள். சாப்பிடாதவர்கள் 12 நாள்.

எதிர்த்தரப்புக்கு ஒரு நல்ல சீட்டு கையில் இருக்கிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் நீண்ட ஆன்டிபயாடிக் எடுக்கிறவர்களின் பெருங்குடலைத் தாக்குகிற குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமி உண்டு. முதியவர்கள்தான் அதில் அதிகம் சிக்குவார்கள். ஆன்டிபயாடிக்கோடு புரோபயாடிக் கொடுத்தால் அது வருவது குறைகிறது என்று 31 ஆய்வுகளைத் திரட்டிய 2017ஆம் வருஷத்து காக்ரேன் அறிக்கை சொல்கிறது. 4 சதவீதம் என்பது 1.5 சதவீதம் ஆகிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே அறிக்கையைத் தொடர்ந்து படித்தால், அந்தப் பலன் தெரிவது அந்த நோய் ஏற்கெனவே அதிகம் பரவுகிற இடங்களில்தான் என்று வருகிறது. அதோடு அது வராமல் தடுப்பதற்கான கணக்கு. வந்த பிறகு சிகிச்சையாகக் கொடுக்கலாமா என்றால், ஆய்வு தவிர வேறெங்கும் கொடுக்கப் பரிந்துரைக்கவில்லை என்று அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவச் சங்கம் 2020இல் சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரி வார்டுக்குச் சொன்ன வார்த்தையைத் திங்கள்சந்தை பஸ் ஸ்டாண்டு மெடிக்கலுக்கு எடுத்துக்கொண்டு வந்தால் எப்படி?

‘நல்ல கிருமி கெட்ட கிருமியை விரட்டும்’ என்ற சித்திரம் நம் மனதில் எப்படி இத்தனை ஆழமாக உட்கார்ந்தது என்று யோசித்திருக்கிறேன். சூரசம்ஹாரம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நல்லவன் கெட்டவன் என்று ரெண்டு அணி இருந்தால் சட்டென்று புரிந்துவிடுகிறது. ஆனால் குடலுக்குள் அணி ரெண்டு கிடையாது. ஒரு மனித உடம்பில் இருக்கிற பாக்டீரியாக்கள் 38 லட்சம் கோடி என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நூறு கோடி உள்ள கேப்சூல் ஒன்றை முழுங்கினால், அத்தனையும் வயிற்று அமிலத்தைத் தாண்டி உயிரோடு போனாலும், முப்பத்தெட்டாயிரம் பேருக்கு ஒருவர். சுசீந்திரம் தேரோட்டத்தன்று ரதவீதியில் புதிதாக ஒரு ஆள் வந்து நின்ற மாதிரி.

எண்ணிக்கையை மட்டும் வைத்து வாதாடுவதும் சரியில்லைதான். சீதபேதி தருகிற ஷிகெல்லா கிருமி பத்து, நூறு போனாலே ஆளைப் படுக்க வைத்துவிடும். ஆனால் ஷிகெல்லாவுக்குக் குடல் சுவரைத் துளைத்து உள்ளே நுழைகிற வித்தை தெரியும். கேப்சூல் கிருமிக்கு அந்த வித்தை தெரியாது, தெரியவும் கூடாது. அது பெரும்பாலும் வழிப்போக்கன். நிறுத்தினால் சில நாளில் மலத்தோடு வெளியே போய்விடும்.

‘ஆன்டிபயாடிக் அழித்ததை இது நிரப்பும்’ என்று அடுத்து ஒன்று சொல்வார்கள். இஸ்ரேலின் வெய்ஸ்மன் நிலையத்தில் அதைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். திடமான ஆட்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து, பிறகு சிலரைச் சும்மா விட்டார்கள், சிலருக்குப் புரோபயாடிக் கொடுத்தார்கள். சும்மா விட்டவர்களின் குடல் கிருமிக் கூட்டம் மூன்று வாரத்தில் ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்தது. புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு ஐந்து மாதமாகியும் முழுதாகத் திரும்பவில்லை. வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்காரரை உள்ளே விடவில்லை. மொத்தம் 21 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வு என்பதையும் சொல்ல வேண்டும், அது முதியவர்களுக்கான ஆய்வு இல்லை என்பதையும். ஆனால் ‘நிரப்பும்’ என்று அடித்துப் பேசுகிறவர்களிடம் இந்த அளவுகூட இல்லை.

இந்த நம்பிக்கையே முதுமையில் இருந்துதான் பிறந்தது. மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, நோய் எதிர்ப்பு அணுக்கள் பற்றிய வேலைக்காக 1908இல் நோபல் வாங்கியவர், பெருங்குடலில் அழுகுகிற கிருமிகள்தான் மனிதனைக் கிழவனாக்குகின்றன என்று நம்பினார். பல்கேரியக் குடியானவர்கள் புளித்த பால் குடித்து நெடுங்காலம் வாழ்கிறார்கள் என்று எழுதினார், தானும் குடித்தார். 71 வயதில் இறந்தார். அந்தக் காலத்துக்கு நல்ல வயதுதான். நெடுங்காலம் என்று சொல்ல முடியாது.

கடைசியாக எல்லோரும் வந்து நிற்கிற இடம் ஒன்று உண்டு. “நல்லது செய்யாட்டாலும் கெடுதல் செய்யாதுல்லா?” டாக்டர்களும் சொல்கிறார்கள், நானும் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். கேப்சூலில் வருகிற சாக்கரோமைசிஸ் பொலார்டி என்பது பாக்டீரியா அல்ல, ஒரு ஈஸ்ட். 1920களில் இந்தோசீனாவில் காலரா பரவியபோது, அங்குள்ள ஜனங்கள் லிச்சித் தோலையும் மங்குஸ்தான் தோலையும் காய்ச்சிக் குடிப்பதைப் பார்த்த பொலார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் அதிலிருந்து பிரித்தெடுத்தது. குற்றாலத்தில் சீசனுக்கு வாங்கித் தின்றுவிட்டுத் தோலை எறிகிறோமே, அதே மங்குஸ்தான். இந்த ஈஸ்ட் ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தான சம்பவங்கள் பதிவானதால், தீவிர நோயாளிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் பெரிய ரத்தக்குழாயில் டியூப் போட்டிருப்பவர்களுக்கும் கொடுக்கவே கூடாது என்று ஐரோப்பிய மருந்து ஆணையம் 2017இல் அறிவித்தது. அறை ஓரத்தில் கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கலக்கினால்கூட காற்றில் பறந்து ஒட்டிக்கொள்ளலாமாம். இது அபூர்வம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புற்றுநோய்க்கு ஊசி போட்டுவிட்டு வீட்டில் படுத்திருக்கிற அப்பாவுக்கு வயிறு சரியில்லை என்று கேப்சூல் வாங்க வந்த எந்த மகனிடமும் நான் இதைப் பற்றிக் கேட்டதில்லை.

இந்த அபூர்வக் கெடுதலைவிடப் பெரிய கெடுதல் வேறு. அந்தக் கேப்சூல் நம் கவனத்தைத் தின்றுவிடுகிறது. பேதியில் முதியவரைக் கொல்வது பெரும்பாலும் கிருமி இல்லை, வற்றிப்போவது. வயதானால் தாகம் மந்தமாகிவிடும். உடம்பு காய்ந்து கிடந்தாலும் “வேண்டாம் மக்களே, குடிச்சா இன்னும் போவும்” என்று சொல்வார்கள். அந்த நேரத்தில் நீர்மாத்திரை இருக்கிற தண்ணீரையும் வெளியே தள்ளும். டெல்மிசார்டான் வகை மாத்திரை, ரத்த அழுத்தம் இறங்கும்போது சிறுநீரகம் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற வழியை அடைத்துவிடும். சிறுநீரகம் தளர்ந்த பிறகு மெட்ஃபார்மின் தேங்கும். இப்போது சுகருக்குப் புழக்கத்தில் இருக்கிற டாபாகிளிஃப்ளோசின் வகை இன்னொரு சிக்கல், சாப்பிடாமல் கிடப்பவர்களுக்கு ரத்தத்தில் அமிலம் ஏற்றிவிடும். மூட்டுவலி மாத்திரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வயிற்றுப்போக்கு நிற்கிற வரைக்கும் இதில் எதை நிறுத்தி வைக்கலாம் என்று வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டால் பாதிப் படுக்கைகள் காலியாகும். கேட்கிறோமா? நல்ல கிருமி கொடுத்துவிட்ட நிம்மதியில் இருக்கிறோம்.

அந்த ஆன்டிபயாடிக்கே வேண்டுமா என்ற கேள்வியையும் கேப்சூல் முழுங்கிவிடுகிறது. ரத்தமோ கடும் காய்ச்சலோ இல்லாத தண்ணீர்ப் பேதிக்குப் பெரும்பாலும் அது வேண்டியதில்லை. நார்ஃப்ளாக்ஸாசின், ஆஃப்ளாக்ஸாசின் குடும்பத்து மாத்திரைகளால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற தசைநாண் அறுந்துபோகலாம், அறுபது தாண்டியவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல் என்று அமெரிக்க மருந்துத் துறை 2008இலேயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது. கிளிமிபிரைடு போடுகிற சுகர்காரர்களுக்கு சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகலாம். கூடவே ‘பாதுகாப்புக்கு’ ஒன்று இருக்கிறது என்பதால் முதலாவதைக் கொடுக்கக் கை கூசுவதில்லை. குடை வைத்திருக்கிற தைரியத்தில் மழையில் இறங்குகிற கதை, குடையில் துணியே இல்லை என்பதுதான் விஷயம்.

பான்டோபிரசோலையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் அறுபது தாண்டிய பலர் எதற்கென்று தெரியாமலே வருஷக்கணக்கில் போடுகிற மாத்திரை. வயிற்று அமிலம் என்பது வாய் வழியே வருகிற கிருமிகளுக்கு வாசல் காவல். 17,598 பேரிடம் மூன்று வருஷம் போல நடந்த ஒரு ஆய்வில், சராசரி வயது அறுபதுகளின் பிற்பகுதி, பான்டோபிரசோல் போட்டவர்களில் 1.4 சதவீதம் பேருக்குக் குடல் தொற்று வந்தது. போடாதவர்களில் 1 சதவீதம். வித்தியாசம் சின்னதுதான். ஆனாலும் காவலாளியை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, வெளியூரில் இருந்து நல்லவர்களைக் கேப்சூலில் வரவழைக்கிற விந்தையை நினைத்துப் பாருங்கள். வழக்கமாக ரெண்டும் ஒரே கவரில்தான் போடப்படும்.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம் என்று பெருமைப்படுகிற மாவட்டம் எங்களுடையது. அந்தப் படிப்பை வைத்து அடுத்த தடவை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பல புரோபயாடிக்குகளில் மருந்து உரிம எண் இருக்காது, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க எண் இருக்கும். சட்டத்தின் கண்ணில் அது உணவு. மிக்சர் பாக்கெட்டிலும் அதே ஆணையத்தின் எண்தான்.

இவ்வளவு சொன்னதும் எங்கள் ஊரில் ஒரு கூட்டம் சந்தோஷமாகத் தலையாட்டும். “அதாம்லே சொல்லுகேன், கம்பெனிக்காரன் கேப்சூல் எதுக்கு, நம்ம பழங்கஞ்சியே புரோபயாடிக்லா.” வாட்ஸ்அப்பில் வாரம் ஒன்று வருகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பழைய சோறு பற்றி அரசே ஆய்வு நடத்தியது என்று ஆதாரமும் காட்டுவார்கள். அந்த ஆய்வு குடல் அழற்சி என்கிற வேறொரு நீண்டகால நோயைப் பற்றியது. தொற்றுப் பேதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேப்சூல்காரர் செய்கிற அதே தப்பை மண்பானையில் வைத்துச் செய்கிறார்கள், அவ்வளவுதான். காலையில் மரச்சீனிக்கிழங்கும் மீனும் பழங்கஞ்சியும் சாப்பிட்டு வளர்ந்தவன் நான், அதன் ருசிக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் ஆக்கிய சோறு வெதுவெதுப்பில் கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்கிற கிருமியும் அதில் வளரும். ஒழுங்காகப் புளித்தால் புளிப்பு அதை அடக்கும். படுத்துக் கிடக்கிற எண்பது வயசுக்காரருக்கு அந்தச் சோதனை எதற்கு?

கஞ்சியில் விஷயம் இல்லாமல் இல்லை. அது புளிப்பில் இல்லை, மாவில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் ஊர்க் கதை ஒன்று. நெய்யூர் ஆஸ்பத்திரியில் இருந்த சாமர்வெல் டாக்டரைப் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். 1922 எவரெஸ்ட் முயற்சி முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் நோயாளிகளின் நெரிசலைக் கண்டுவிட்டு லண்டன் வேலையை உதறி இங்கேயே வந்தார். குடற்புண் அறுவையில் பேர்பெற்றவர், தெற்குத் திருவிதாங்கூர் முழுக்க அந்த நோய் அப்படி இருந்தது. மிளகாயையும் மரச்சீனியையும் கவலையையும் நாம் பழித்துக்கொண்டிருந்தோம். 1982இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் ஹெலிகோபாக்டர் என்ற கிருமியைக் கண்ட பிறகுதான், அந்தப் புண்களில் பெரும்பாலானவை தொற்று என்று தெரிந்தது. ஊரும் டாக்டரும் சேர்ந்து நம்புவதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்று எங்கள் மண்ணுக்கே ஒரு பாடம் உண்டு. என் வாதத்துக்கும் அது பொருந்தும். முதியவர்களிடம் ஒழுங்காகச் செய்த ஆய்வு ஒன்று நாளைக்கு வந்து என்னைப் பொய்யாக்கினால் இதே பக்கத்தில் எழுதுகிறேன்.

இனி மாவுக்கு வருகிறேன். சாமர்வெல் கடைசியில் வேலூர் சிஎம்சியில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனார். அதே வேலூரில் ராமகிருஷ்ணா என்ற டாக்டரும் அவரோடு சேர்ந்தவர்களும் காலரா வந்த 48 பேரிடம், பதின்வயதினரும் பெரியவர்களுமாக, ஒன்று செய்து பார்த்தார்கள். வழக்கமான உப்புச் சர்க்கரைக் கரைசல் சிலருக்கு. அதில் லிட்டருக்கு ஐம்பது கிராம் அரிசி மாவு சேர்த்தது சிலருக்கு. எளிதில் செரிக்காத மாவுச்சத்து ஐம்பது கிராம் சேர்த்தது மற்றவர்களுக்கு. செரிக்காத மாவுச்சத்து சாப்பிட்டவர்களுக்குப் போக்கு 91 மணி நேரத்தில் இருந்து 57 மணி நேரமாகக் குறைந்தது. 2000ஆம் வருஷம் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. காரணம் அழகானது. அந்த மாவு சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே ஏற்கெனவே குடியிருக்கிற கிருமிகள் அதைத் தின்று சில கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அந்த அமிலங்கள் பெருங்குடலை உப்பையும் தண்ணீரையும் உறிஞ்ச வைக்கின்றன. புதுக் கிருமி ஒன்றுகூட உள்ளே அனுப்பவில்லை. இருக்கிறவர்களுக்குச் சோறு போட்டார்கள்.

பொடியரிசிக் கஞ்சியை அப்போதைக்கப்போது வைத்து, உப்பைத் தாராளமாகப் போட்டு, நிறைய தண்ணியாக, சுட்ட பப்படத்தோடு கொடுக்கிற பழக்கம் எங்கள் பாட்டிமாருக்கு இருந்தது. அவர்களுக்கு மாவுச்சத்து தெரியாது, கிருமியும் தெரியாது. அது போகட்டும். கஞ்சி ஓஆர்எஸ்சுக்குத் துணை, அதற்குப் பதில் இல்லை. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கூட்டிக்கொண்டு போகும், பின்னாலேயே தண்ணீர் போகும். பேதி நடக்கும்போதும் குடலின் இந்த வாசல் திறந்தேதான் இருக்கும். 1971 வங்கதேசப் போர்க்காலத்தில் எல்லையோரப் போங்காவ் முகாமில் சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இதை டிரம்களில் கரைத்து வைத்து நோயாளிகளின் சொந்தக்காரர்களையே மொண்டு கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்று இருந்த சாவு நாலுக்கும் கீழே வந்தது. ஒரு பாக்கெட் இன்றைக்கும் ஒரு புரோபயாடிக் ஸ்ட்ரிப்பின் விலையில் சின்னப் பங்குதான். ரெப் யாரும் அதைப் பற்றிப் பேச வந்ததில்லை.

ஓஆர்எஸ் என்று பேர் போட்டு டப்பாவில் வந்த இனிப்புத் தண்ணீர்களையும் நான் விற்றிருக்கிறேன். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கில் போராடியதில், உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி இல்லாத பானங்களுக்கு அந்தப் பேர் கூடாது என்று 2025 அக்டோபரில் உத்தரவு வந்தது. இளநியையும் ஓஆர்எஸ்சாக நினைக்காதீர்கள். தென்னந்தோப்பில் பிறந்தவன் சொல்கிறேன், அதில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் கொஞ்சம். பேதியில் வெளியே போனது சோடியம். டெல்மிசார்டான் போடுகிற, சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு மணிக்கொரு செவ்விளநி வெட்டிக் கொடுத்தால் பொட்டாசியம் ஏறி இதயத்துக்கே வினையாகலாம்.

டாக்டர் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொல்லிச் சண்டை போட்டேன். அவர் மறுக்கவில்லை. “அண்ணாச்சி, உப்புத்தண்ணி குடின்னு மட்டும் சொல்லி அனுப்பினா அடுத்த தெரு டாக்டர்ட்ட போயிருவாங்க. கேப்சூல் எழுதினா மனசு ஆறும்” என்றார். அது நிஜம்தான், எனக்கும் வியாபாரம் தெரியும். ஆனால் அதே சீட்டில் கேப்சூல் எழுதுகிற வரியில், எந்தெந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்றும், ஒவ்வொரு தடவை போன பிறகும் எத்தனை டம்ளர் குடிக்க வேண்டும் என்றும் தமிழில் எழுதலாமே. ஆறு மணி நேரமாக மூத்திரம் போகவில்லை என்றால் கிளம்பி வா என்று எழுதலாமே. இதய பலவீனம் உள்ளவருக்கு எவ்வளவு தண்ணீர் என்பது டாக்டர் ஒருவரால்தான் சொல்ல முடியும். அவர் சிரித்தார். எழுதுகிறேன் என்று சொல்லவில்லை.

பெரியம்மை ஆஸ்பத்திரியில் இருந்து வந்து ரெண்டு வாரம் கழித்துக் கடைக்கு வந்தார், பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு. முந்தியிலிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். ஸ்ட்ரிப்பில் மிச்சம் நாலு கேப்சூல்.

“வெலகூடினதுல்லா மக்கா, திருப்பி எடுப்பியா?”

வெட்டின ஸ்ட்ரிப்பை எந்தக் கடையிலும் எடுக்க மாட்டார்கள். எடுத்துக்கொண்டு, பத்துக்கும் உள்ள பணத்தைக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, ஆறு தின்னாச்சே என்று அதற்குள்ள பணத்தைத் திருப்பிக் கண்ணாடி மேலேயே வைத்தார்.